பழம்பொருளில் புது ஒளி

இருளைப் போக்க மனிதன் கண்ட துணை விளக்கு. அகல், அரிக்கேன், மின்விளக்கு எனக் காலந்தோறும் அதன் வடிவம் மாறி வந்துள்ளது. இன்றோ, நம் பாட்டிமார் புழங்கிய பண்டங்களே அழகு விளக்குகளாக மாறி வருகின்றன.

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே உள்ள எங்கள் அனுப்பம்பட்டிலும், பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களிலும் பல வீட்டுப் பரண்களில் இத்தகைய பொருள்கள் உறங்குகின்றன. மின்சாரம் வந்ததும் அரிக்கேன் ஓய்ந்தது. 1956-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்தை அடுத்து லிட்டர் வழக்கிற்கு வந்தது. படியும் உழக்கும் ஒதுங்கின. எவர்சில்வர் வந்தது, பித்தளைச் செம்பு மூலைக்குப் போயிற்று. இறுதியில் அவை பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போய் உருக்கப்படுகின்றன. ஆனால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இத்தகைய பொருள்களை விற்பதற்கென்றே கடைகள் உள்ளன. நாம் கழித்ததைப் பிறர் தேடி வாங்குகிறார்கள்!

இவற்றை விளக்காக்குவது எப்படி? பீங்கான் ஊறுகாய் ஜாடியைத் துளையிட்டால் விரிசல் விடும். எனவே அதன் வாய்க்குப் பொருந்தும் மரமூடி செய்து, மூடியின் மேல் பல்பு ஹோல்டரைப் பொருத்தி, ஒயரை மூடியின் பக்கவாட்டில் வெளியே விடவேண்டும். படிக்கும் செம்புக்கும் இம்முறையே ஏற்றது. அரிக்கேனில் மண்ணெண்ணெய் சிறிதும் இல்லாமல் கழுவி உலர்த்தி, கண்ணாடிக் கூண்டுக்குள் பேட்டரியால் எரியும் சிறு விளக்கை வைக்கலாம். பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில் அழகாக முடைவார்கள். அத்தகைய ஓலைக் கூடையை விளக்கின் மேல்மூடியாகக் கவிழ்த்தால் ஒளி இதமாகப் பரவும்.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. குண்டு பல்பு, தான் பெறும் மின்சாரத்தில் சுமார் 90 விழுக்காட்டை வெப்பமாக்கிவிடும், ஓலை கருகக்கூடும். ஆகவே எல்.இ.டி. பல்பே நல்லது. உலோகப் பாத்திரமாயின், மூன்று கம்பி ஒயர் கொண்டு 'எர்த்' இணைப்பை அப்பாத்திரத்தோடு சேர்க்கவேண்டும். இவ்வேலையை மின்பணியாளரே செய்தல் வேண்டும்.

மற்றொன்றையும் மறக்கலாகாது. சீர்வரிசைப் பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. கொள்ளுப் பாட்டியின் பெயர் உள்ள செம்பில் துளையிட்டால், அந்தப் பெயரே சிதையலாம். அச்செம்பின் மதிப்பு பித்தளையில் மட்டுமா இருக்கிறது? துளையிடாமல் செய்த விளக்கை என்று வேண்டுமானாலும் பிரித்து, செம்பைச் செம்பாகவே திரும்பப் பெறலாம். ஆகவே எடைக்குப் போடுமுன் பெரியோரிடம் அப்பொருளின் கதையைக் கேட்போம். பெயர் வெட்டிய பக்கம் முன்னே தெரியும்படி வைத்து விளக்கேற்றுவோம்!