நம் கடைக் கணக்கு யாருக்குப் பாடம்?

மளிகை வியாபாரியின் முதல் கல்லாவிலும் கிடங்கிலும் மட்டும் இருப்பதில்லை. எந்தச் சரக்கு எந்த வாரத்தில் நகரும், எந்தக் கடைக்காரர் சொன்ன நாளில் பணம் தருவார், எந்த மில்லில் எத்தனை நாள் தவணை கிடைக்கும் என்ற விவரமும் முதல்தான். இதைக் காப்பாற்ற நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசினார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூட விலை தெரியாது. ஜவுளிக் கடைகளில் அடக்க விலையை எழுத்துக் குறியாகச் சீட்டில் எழுதி வைத்தார்கள். இன்று அதே விவரத்தைப் பில் போடும் சாப்ட்வேரிலும், கடன் பற்று எழுதும் செல்போன் செயலியிலும், ஆர்டர் போடும் செயலியிலும் நாமே தினமும் பதிவு செய்கிறோம். அது எங்கோ இருக்கும் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருகிறது.

அங்கே அது சும்மா கிடப்பதில்லை. 'ஏ.ஐ.' எனப்படும் செயற்கை நுண்ணறிவுக்குப் பாடமாகவும் போகலாம். ஏராளமான கடைகளின் பில்களைப் படித்து, இந்த ஊரில் இந்த மாதம் இது விற்கும் என்று கணித்துச் சொல்லும் ஏற்பாட்டை 'மாடல்' என்கிறார்கள். இதில் இரண்டு வகை உண்டு. நம் கணக்கை வைத்து நமக்கு மட்டும் ஆலோசனை சொல்வது ஒன்று. 'துவரம் பருப்பு இருப்பு குறைகிறது, ஆர்டர் போடுங்கள்' என்று அது நினைவூட்டினால் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். எல்லோர் கணக்கையும் கலந்து படித்து, படித்ததை எல்லோருக்கும் விற்கும் பொது மாடல் மற்றொன்று. யோசிக்க வேண்டியது இதைப் பற்றித்தான்.

புதுவாயலையே எடுத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த பீகார், ஒடிசா மாநிலத்துத் தொழிலாளர்களால் கடுகெண்ணெயும் ஆட்டாவும் இங்கே முக்கியச் சரக்காகிவிட்டன. சம்பள வாரத்தில் எவ்வளவு இழுக்கும், சத் பூஜைக்கு அவர்கள் ஊருக்குப் போகும்போது எவ்வளவு படுக்கும் என்பதைச் சரக்குத் தேங்கி நட்டப்பட்டும், சரக்கில்லாமல் வியாபாரத்தை விட்டும் பல வருடத்தில் கற்றோம். நெடுஞ்சாலையில் நாளை கடை திறக்க நினைக்கும் பெரிய நிறுவனத்துக்கு அந்தப் பாடம் ஒரு சந்தாத் தொகைக்குக் கிடைத்துவிடக்கூடும். 'பெயரை நீக்கிவிட்டுத்தான் பயன்படுத்துகிறோம்' என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். கடுகெண்ணெயை டின் டின்னாக இறக்கும் கடை ஒன்றிரண்டே உள்ள ஊரில் பெயரை நீக்கி என்ன பயன்?

இது வீண் பயம் அல்ல. அலுவலகங்களுக்குள் செய்தி அனுப்பப் பயன்படும் 'ஸ்லாக்' என்ற அமெரிக்கச் செயலியில் 2024 மே மாதம் இதே பிரச்சினை வெடித்தது. வாடிக்கை நிறுவனங்களின் விவரங்களைத் தன் பொது மாடல்களுக்குப் பயன்படுத்துவதாக அதன் விதிகளில் எழுதியிருந்தது. யாரும் சம்மதம் கொடுக்க வேண்டியதில்லை. எல்லோரும் சேர்ந்தவர்களாகவே கருதப்பட்டார்கள். வேண்டாம் என்பவர் செயலியில் ஒரு பட்டனைத் தட்டி விலக முடியாது; நிறுவனத்தின் உரிமையாளரோ நிர்வாகியோ மின்னஞ்சல் எழுத வேண்டும். எதிர்ப்பு கிளம்பியதும், தேடலுக்கும் பரிந்துரைக்கும் உதவும் சிறு மாடல்களுக்குத்தான் அது, பேசும் எழுதும் ஏ.ஐ.க்கு அல்ல என்று ஸ்லாக் விளக்கம் சொல்லி, விதியின் வாசகத்தையும் திருத்தியது. விளக்கம் சரியாகவே இருக்கட்டும். கூச்சல் போட்ட பிறகுதானே வந்தது?

வியாபாரிகளுக்கு இன்னும் நெருக்கமானது ஐரோப்பாவில் நடந்த அமேசான் விவகாரம். தன் தளத்தில் கடை போட்ட சிறு வியாபாரிகளின் வெளியில் தெரியாத விற்பனை விவரங்களை, அவர்களோடு போட்டியிடும் தன் சொந்த விற்பனைக்கு அமேசான் பயன்படுத்துகிறதா என்று ஐரோப்பிய ஆணையம் 2019 ஜூலையில் விசாரணை தொடங்கியது. அப்படிப் பயன்படுத்த மாட்டோம் என்று அமேசான் கொடுத்த உறுதியை 2022 டிசம்பரில் ஆணையம் ஏற்று, அதைக் கட்டாயமாக்கியது.

நம் நாட்டு உதாரணம் வாட்ஸ்அப். 2016ல் விவரத்தைப் பேஸ்புக்குடன் பகிரும் விதி வந்தபோது, பழைய வாடிக்கையாளர்கள் விலகிக்கொள்ள 30 நாள் அவகாசம் இருந்தது. 2021ல் வந்த விதியில் அந்த வாய்ப்பும் இல்லை. ஏற்றுக்கொள் என்பது ஒன்றே வழி. இதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 நவம்பரில் அபராதத்தை உறுதி செய்தது. விளம்பரத்துக்காக விவரம் பகிர ஆணையம் போட்ட ஐந்து ஆண்டுத் தடையை மட்டும் நீக்கியது.

சட்டம் நம்மைக் காக்குமா? 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே அமலாகும். சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அருமையான ஷரத்து. ஆனால் அது தனிநபர் விவரங்களுக்கு மட்டுமே. நம் கொள்முதல் விலையும் சரக்குக் கணக்கும் தனிநபர் விவரம் ஆகாது. அவற்றுக்குக் காப்பு, கம்பெனியோடு நாம் செய்யும் ஒப்பந்தம்தான். அதைப் படிக்காமல் 'சரி' என்று அமுக்குகிறோமே, அந்தப் பக்கம்தான் ஒப்பந்தம்.

தனிநபர் விவரத்திலும் நமக்குப் பொறுப்பு இருக்கிறது. கடன் செயலியில் வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், பாக்கித் தொகை எல்லாம் இருக்கின்றன. நாம் 'சரி' சொன்னால் அவர்கள் விவரமும் சேர்ந்து போகிறது. பாக்கி வைத்தவர் நம்மை நம்பித்தான் நம்பர் கொடுத்தார்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து கணக்கைக் கம்ப்யூட்டரில் கொடுத்தே பழகிவிட்டோம். அது சட்டம், கொடுத்தே ஆக வேண்டும். இது வியாபார ஏற்பாடு, பேரம் பேசலாம். இருந்தும் எதையும் கேட்பதற்கு முன்பே தலையாட்டிவிடுகிறோம்.

எங்கள் கடைக்குச் சாப்ட்வேர் விற்க வந்த இளைஞரிடம், 'எங்கள் பில் விவரம் வேறு எதற்காவது போகுமா தம்பி?' என்று கேட்டோம். 'அதெல்லாம் போகாது ஐயா' என்றார். எழுதித் தரச் சொன்னதும், ஆபீசில் கேட்டுச் சொல்வதாகப் போனார். அவர் மேல் தவறில்லை, அவருக்கே தெரியாது.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. விவரம் பொது மாடலுக்குப் போகிறதா. விலகினால் நம் கடைக்கான வசதிகள் நிற்குமா. செயலியை விட்டுவிட்டால் பழைய கணக்கு அழிக்கப்படுமா. செட்டிங்ஸ் பகுதியில் இதற்கு இடமிருந்தால் அங்கேயே நிறுத்தலாம். இல்லையென்றால் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரே, கடையின் பெயரையும் பதிவு எண்ணையும் குறிப்பிட்டு, 'எங்கள் வியாபார விவரங்களைப் பொது மாடல் பயிற்சிக்குப் பயன்படுத்தச் சம்மதமில்லை' என்று மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும். கணக்குப்பிள்ளையின் போன் நம்பரில் செயலியைத் திறந்து கொடுத்திருப்பவர்கள் முதலில் அதைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

தாமதம் மட்டும் கூடாது. மாடல் ஏற்கெனவே படித்த பாடத்தைத் திரும்ப எடுப்பது மாவில் கலந்த உப்பைப் பிரிப்பது போன்றது. விலகல் பெரும்பாலும் அன்றைய தேதிக்குப் பிந்திய விவரத்துக்கே பயன்படும். ஏப்ரலில் புதுக் கணக்குக்குச் சந்தா புதுப்பிக்க ஆள் வரும்போது, பணத்தை எண்ணும் முன்பே இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளலாம்.