கோள்களைக் கற்றுத் தரும் வினாடி வினா



சூரியக் குடும்பப் பாடத்தை நம் பிள்ளைகள் பலர் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். எட்டுக் கோள்களின் பெயரையும் வரிசை மாறாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால் "ஏன்?" என்று ஒரு கேள்வி கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது. தவறாகச் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்களே என்ற பயம்தான் இதற்கு முக்கியக் காரணம். எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே இந்தப் பயம் தங்கிவிட்டால், பத்தாம் வகுப்புக்குப் பின் அறிவியல் பிரிவின் பக்கமே பிள்ளைகள் போக மாட்டார்கள். அதனால்தான் நமது அறக்கட்டளையின் மாலை நேர இலவச வகுப்பில் இப்பாடத்தை வினாடி வினா விளையாட்டாக நடத்துகிறோம்.

விளையாடும் முறை

நன்றாகப் படிப்பவர், சுமாராகப் படிப்பவர் எல்லாரும் கலந்திருக்கும்படி ஐந்து ஐந்து பேராகக் குழு பிரிக்கிறோம். குழுவில் ஒவ்வொருவருக்கும் 1 முதல் 5 வரை ஓர் எண். கேள்வி கேட்டதும் ஒரு நிமிடம் குழுவுக்குள் பேசிக்கொள்ளலாம். பிறகு சீட்டு எடுப்போம். சீட்டில் வரும் எண்ணுக்குரிய மாணவர்தான் பதில் சொல்ல வேண்டும். யாருடைய எண் வரும் என்று தெரியாததால், தெரிந்தவர் மற்ற நால்வருக்கும் சொல்லிக் கொடுத்தே ஆக வேண்டும்.

சரியான பதிலுக்கு 1 மதிப்பெண். காரணத்தையும் சொன்னால் மேலும் 2. தவறான பதிலுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. பதிலைக் கேட்டுச் சிரிக்கும் குழுவுக்குத்தான் 1 மதிப்பெண் குறையும்!

சில கேள்விகள்

மிகச் சூடான கோள் எது? சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால் புதன் என்றே பலரும் சொல்வார்கள். விடை வெள்ளி. அதைச் சூழ்ந்துள்ள அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு, போர்வை போல வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. அங்கே சுமார் 465 டிகிரி செல்சியஸ் வெப்பம். புதனில் அப்படியொரு போர்வை இல்லை.

பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது எப்போது? மே மாதம் அல்ல, ஜனவரி முதல் வாரம்! கோடை வருவதற்குக் காரணம் தூரமல்ல. பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதே.

ரமளான் ஏன் ஒவ்வோர் ஆண்டும் முன்னதாக வருகிறது? பிறைக் கணக்கில் 12 மாதங்களுக்குச் சுமார் 354 நாட்கள். சூரிய ஆண்டுக்கு 365. எனவே 10 அல்லது 11 நாட்கள் முந்தி வருகிறது. ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது.

ஒவ்வோர் அமாவாசைக்கும் ஏன் சூரிய கிரகணம் இல்லை? நிலவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால், பெரும்பாலும் அதன் நிழல் பூமியின் மேல் விழுவதில்லை. ஒரு பல்பு, ஒரு பந்து, ஓர் எலுமிச்சம்பழம் இருந்தால் இதைச் செய்தே காட்டலாம். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மரணித்த நாளில் கிரகணம் ஏற்பட, மக்கள் இரண்டையும் தொடர்புபடுத்திப் பேசினார்கள். யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் ஏற்படுவதில்லை என்று நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்.

பெற்றோர்களுக்கு

நீங்கள் அதிகம் படிக்காதவராக இருந்தாலும் இதை வீட்டில் விளையாடலாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளின் பின்புறம் பிள்ளைகளையே கேள்விகளை எழுதச் சொல்லுங்கள். பதில் வந்ததும் "ஏன் அப்படி?" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி விளக்க முயலும்போதே அவர்களுக்குப் பாடம் பதிந்துவிடும்.

பெண் பிள்ளைகளையும் அவசியம் பேச வையுங்கள். சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2 அன்று இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி, நம் செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் அந்த விண்கலம் இருக்கிறது.

கேள்வி அட்டைகளின் நகல் வேண்டுவோர் மாலை வகுப்பு ஆசிரியர்களிடம் பெற்றுக்கொள்ளலாம். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.