ஜப்பானிய மொழிப் பட்டம் யாருக்கு?

திருவண்ணாமலையை வலம்வரும் 14 கிலோமீட்டர் பாதையில், மலையின் மேற்புறத்தே இருக்கும் சிற்றூர் அடி அண்ணாமலை. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் அவ்வூரிலேயே வாழ்ந்து வருகிறேன். சென்ற ஆண்டு ஒரு மாலையில், கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை வைத்திருப்பவர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டிற்கு வந்தார். அவள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. ஜப்பானிய மொழியும் பண்பாடும் பயின்று பட்டம் பெற வேண்டும் என்பது அவள் விருப்பம். "ஐயா, இந்தப் படிப்பு இவளுக்குச் சோறு போடுமா?" என்று கேட்டார் தந்தை. "எங்கே சேரலாம் என்று சொல்லுங்கள், ஐயா" என்றாள் மகள்.

இரண்டும் தக்க கேள்விகளே. ஆயினும் நான் உடனே விடை கூறவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் இதே விருப்பத்தோடு வந்த மாணவன் ஒருவனிடம், "தமிழனுக்கு ஜப்பானிய மொழி எளிது, தயங்காமல் சேர்ந்துகொள்" என்று சொல்லி அனுப்பியவன் நான். ஓராண்டு முடிவதற்குள் அவன் படிப்பைக் கைவிட்டுத் திரும்பினான். குறை அவனுடையது அன்று. உண்மையில் பாதியை மட்டும் சொல்லி அனுப்பிய என்னுடையது. மற்றப் பாதியையும் சேர்த்துச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் எளிய பாதியைக் காண்போம். ஜப்பானிய மொழியில் வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின் வரும். 'ஹோன் ஓ யோமு' என்றால் 'புத்தகத்தைப் படிக்கிறேன்' என்பது பொருள். 'ஹோன்' புத்தகம், 'ஓ' நம் ஐகார உருபின் வேலையைச் செய்கிறது, 'யோமு' வினை. அவ்வினையோ நம்முடையதைக் காட்டிலும் எளியது. படிக்கிறேன், படிக்கிறான், படிக்கிறாள் என்னும் மூன்றுக்கும் அந்த ஒரு சொல்லே போதும். அசையெழுத்துகளின் வரிசையும் அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி, க, ச, த, ந என்று செல்லும். பௌத்தத்தோடு கிழக்கே சென்ற இந்திய ஒலிநூல் அறிவின் சுவடு அது.

இனி, கடினமான பாதி. ஹிராகானா, கதகானா என்னும் அசையெழுத்து வகைகள் இரண்டிலும் அடிப்படை எழுத்துகள் 46 வீதம் உள்ளன. அவற்றைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். ஆனால் சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகளில், பொது வழக்கிற்கென ஜப்பானிய அரசு 2010-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் மட்டும் 2136 உள்ளன. ஓர் எழுத்துக்கு ஒரே ஒலி என்பதும் இல்லை. மலையைக் குறிக்கும் எழுத்தைத் தனியே நிற்கும்போது 'யாமா' என்பர். ஃபூஜி மலையின் பெயரில் அதே எழுத்து 'சான்' என்று ஒலிக்கும். இதனோடு, யாரிடம் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதற்கேற்ப வினையே மாறும் மரியாதை வழக்கும் உண்டு. என் மாணவன் தளர்ந்தது இங்கேதான். நாள்தோறும் எழுதிப் பழகும் பொறுமை வேண்டும் என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை.

அடுத்து, எதற்காகப் படிக்கிறோம் என்பதைத் தெளிய வேண்டும். ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பகுதிகளில் உள்ள ஜப்பானியத் தொழிற்சாலைகளில் பணிபுரிவதே குறிக்கோள் எனில், பொறியியலையோ வணிகவியலையோ முதன்மைப் பாடமாகக் கொண்டு, மொழியைப் பகுதிநேர வகுப்பில் பயில்வதே சிறந்த வழியாகலாம். சென்னையில் அத்தகைய வகுப்புகள் நடைபெறுகின்றன. ஜப்பானிய மொழித் திறன் தேர்வும் அங்கே நடைபெறுகிறது. அதில் என்5 என்பது தொடக்கநிலை, என்1 உச்சநிலை. மொழிபெயர்ப்புப் பணிக்கு என்2 அளவேனும் எதிர்பார்ப்பது வழக்கம். ஆனால் அத்தேர்வு படிப்பதையும் கேட்பதையும்தான் சோதிக்கிறது. பேச்சையும் எழுத்தையும் சோதிப்பதில்லை என்பதை மறத்தல் ஆகாது.

அந்நாட்டின் இலக்கியத்தையும் வரலாற்றையும் மூலமொழியிலேயே கற்று, ஆராயவோ கற்பிக்கவோ மொழிபெயர்க்கவோ விரும்புவோர்க்கு உரியது பட்டப்படிப்பு. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியில் இளங்கலைச் சிறப்புப் பட்டம் உண்டு. தாகூர் நிறுவிய சாந்திநிகேதனத்தின் விஸ்வபாரதியில் இத்துறைக்கெனவே நிப்பன் பவனம் 1994-இல் திறக்கப்பட்டது. ஜப்பானிய அரசு தன் நாட்டில் ஓராண்டளவு தங்கிப் பயில அளிக்கும் உதவித்தொகைகளுள் ஒன்று, ஜப்பானிய மொழியையோ பண்பாட்டையோ முதன்மைப் பாடமாகக் கொண்ட பட்ட வகுப்பு மாணவர்க்கே உரியது. பகுதிநேர வகுப்பு இந்தக் கதவைத் திறவாது.

அத்தகைய ஆழ்ந்த கல்வி என்ன பயன் தரும் என்பீர்கள். நொபொரு கராஷிமா என்னும் ஜப்பானிய அறிஞர் 1960-களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வந்து பயின்றார். சோழர் காலக் கல்வெட்டுகளைத் தமிழிலேயே படித்து, அக்கால நிலவுடைமையையும் சமுதாய அமைப்பையும் ஆராய்ந்து, நம் வரலாற்றை நமக்கே விளக்கினார். 2013-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. கடைவீதியில் பேசுமளவு தமிழோடு அவர் நின்றிருந்தால் அப்பணி இயன்றிருக்குமா?

மற்றொருவர் சுசுமு ஓனோ. தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டென அவர் நிலைநாட்ட முயன்றார். மொழிநூலார் பெரும்பாலோர் அம்முடிவை ஏற்கவில்லை. அக்கொள்கையைக் கேட்டுப் பெருமிதம் கொள்வது எளிது. சான்றுகளை எடைபோட்டு ஏற்பதோ மறுப்பதோ இரு மொழியிலும் பயின்றவர்க்கே இயலும்.

கராஷிமா நமக்குச் செய்ததை நம்மவர் அவர்கள் நாட்டிற்குச் செய்யலாம் அன்றோ? ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 கோயில்களை வலம்வரும் பாதை ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் நீளமுடையது. கிரிவலப் பாதையில் வளர்ந்த பெண் அதை ஆராயப் புகுந்தால், பிறர் கேளாத கேள்விகள் சில அவளுக்குத் தோன்றும்.

இவற்றையெல்லாம் கூறிவிட்டு, "எந்தப் பல்கலைக்கழகமாயினும் மூன்றைக் கேட்டறிந்துகொள், அம்மா" என்றேன். வாரத்தில் மொழிக்கு எத்தனை மணி நேரம்? இறுதியாண்டில் மாணவர் மூலநூலைப் படிக்கின்றனரா, ஆங்கில மொழிபெயர்ப்பையா? முன்பு படித்தவர்கள் இன்று என்ன செய்கிறார்கள்? பிறகு, "சேருமுன் அசையெழுத்து இரண்டையும் காஞ்சியில் நூறையும் நீயே எழுதிப் பழகிப் பார்" என்றும் சொன்னேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு குறிப்பேட்டுடன் வந்தாள். "கடினமாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் எழுதாத நாளில் ஏதோ விட்டுப்போனதுபோல் இருக்கிறது" என்றாள். தந்தை குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். சோற்றைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை, நானே சொன்னேன்: "அரைகுறையாய்ப் படித்தால் போடாது, முழுதாய்ப் படித்தால் போடும்." நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் எழுத மூவரும் அமர்ந்தோம்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கும் நான் சொல்வது இதுவே. பிறர் சொல்லும் 'எளிது' என்பதையும் நம்பாதீர்கள்; 'கடினம்' என்பதையும் நம்பாதீர்கள். நான்கு மாதம் எழுதிப் பாருங்கள். உங்கள் குறிப்பேடே விடை கூறும்.