பின் அச்சின் மேல் ஒரு குடும்பம்

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில், பிடதியில் இருக்கிறது டொயோட்டாவின் ஆலை. அங்கிருந்து வெளிவரும் இரண்டு வண்டிகளை அருகருகே நிறுத்திப் பாருங்கள். ஒன்று ஃபார்ச்சூனர், நீளம் 4,795 மி.மீ. இன்னொன்று இன்னோவா ஹைகிராஸ், நீளம் 4,755 மி.மீ. வித்தியாசம் வெறும் 4 செ.மீ. இரண்டிலும் மூன்று வரிசை இருக்கைகள். ஹைகிராஸின் கடைசி வரிசையில் பெரியவர்கள் இருவர் சென்னையிலிருந்து மதுரை வரை சமாளித்து உட்கார்ந்துவிடலாம். ஃபார்ச்சூனரில் விழுப்புரம் வருவதற்குள் முழங்கால் வலியைப் பற்றிப் பேச்சு எழும். ஆனால் மழையில் ஊறிய செம்மண் ஏற்றத்தில், ஹைகிராஸின் முன்சக்கரங்கள் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்போது, ஃபார்ச்சூனர் 4×4 நிதானமாக மேலே ஏறிப் போய்விடும்.

ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே நீளம். பிறகு ஏன் இவ்வளவு வேறுபாடு? அதற்கான பதில் வண்டிக்கு அடியில் இருக்கிறது. கரடுமுரடான பாதையில் போகும் திறனும், மூன்றாவது வரிசையின் வசதியும், வண்டிக்குள் ஒரே இடத்துக்காகப் போட்டி போடுகின்றன. அந்த இடம் பின் அச்சுக்கு நேர் மேலே இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால், ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளின் பலத்தையும் பலவீனத்தையும் விளம்பரத்தின் துணையில்லாமல் நாமே எடைபோடலாம்.

சேஸிஸ் என்னும் முதுகெலும்பு

ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் சரக்கு வண்டியின் உறவுக்காரர். இரண்டும் ஒரே அடித்தளக் குடும்பத்தில் பிறந்தவை. நீளவாக்கில் இரண்டு எஃகு உத்தரங்கள், அவற்றைப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்கள். இதுதான் ஏணி வடிவச் சேஸிஸ். என்ஜின், அச்சு, சஸ்பென்ஷன் எல்லாம் இதில்தான் பூட்டப்படுகின்றன. நாம் உட்காரும் உடற்கூடு ரப்பர் தாங்கிகள் வழியாக இதன் மேல் அமர்கிறது. ஹைகிராஸில் தனிச் சேஸிஸ் கிடையாது. தரை, தூண்கள், கூரை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த கூடே சுமையைத் தாங்குகிறது. இதை மோனோகாக் என்பார்கள்.

குழியும் பாறையுமான பாதையில் ஒரு சக்கரம் மேலேறி, எதிர் மூலைச் சக்கரம் கீழிறங்கும்போது வண்டியை முறுக்கும் விசை பிறக்கிறது. ஏணிச் சேஸிஸ் அந்த அடியை முதலில் தான் வாங்கிக்கொள்கிறது. கதவும் கண்ணாடியும் உள்ள கூட்டுக்கு ரப்பர் வழியாக அதில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். ஆண்டுக்கணக்கில் கெட்ட சாலையில் அடிபட்டும் இத்தகைய வண்டிகள் உழைப்பதற்கு இது முக்கியக் காரணம்.

இதற்குக் கொடுக்கும் விலை, எடை. ஃபார்ச்சூனர் 4×4 ஆளில்லாமலே 2 டன்னுக்கு மேல். தார்ச்சாலையில் அந்த எடையை ஒவ்வொரு சிக்னலிலும் நிறுத்தி, மறுபடி கிளப்ப வேண்டும். சேஸிஸுக்கு மேல் தளம் வருவதால் உள்ளே ஏறுவதற்கும் உயரமாகக் கால் தூக்க வேண்டும். முழங்கால் தேய்ந்த பாட்டி வீட்டில் இருந்தால், மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் அவரை ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

கடைசி வரிசைக்கு ஏன் கால் வைக்க இடமில்லை?

ஃபார்ச்சூனரின் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே முழு அச்சில் கோக்கப்பட்டவை. நடுவில், என்ஜினின் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை. மொத்த அமைப்பையும் சுருள்வில்கள் தாங்குகின்றன. இந்த முழு அச்சு தராசுத் தண்டுபோல் வேலை செய்கிறது. ஒரு சக்கரத்தைப் பாறை மேலே தள்ளினால், மறுசக்கரம் தரையை நோக்கி அழுத்தப்படுகிறது. சக்கரம் தரையில் பட்டால்தானே இழுவை? மேலும், சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்கினாலும் டிஃபரன்ஷியலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறைவதில்லை. அச்சு சக்கரத்தோடேயே மேலும் கீழும் போகிறது.

சிக்கலும் அதிலிருந்தே வருகிறது. அச்சு மேலும் கீழும் போவதற்கு இடம் வேண்டும். அது எட்டக்கூடிய உச்சத்துக்கும் மேலேதான் வண்டியின் தரை அமைய முடியும். அதனால் பின்பகுதியில் தரை உயர்கிறது. கூரை உயரத்தை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. மிச்சமாவது இருக்கைக்கும் தரைக்கும் இடையிலான உயரம், அது குறைந்துபோகிறது. உட்கார்ந்தவரின் முழங்கால் மேலே எழும்ப, தொடைக்குத் தாங்கல் இல்லாமல் முழு எடையும் இடுப்பில் இறங்குகிறது. ஹைகிராஸில் இழுவை முன்சக்கரங்களுக்கு மட்டும்தான். பின்னால் டிஃபரன்ஷியலும் இல்லை, அதற்குச் சக்தி கொண்டுபோகும் நீளத் தண்டும் இல்லை. தரையைத் தாழ்த்த முடிந்தது. முன் – பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரமும் 2,850 மி.மீ.; ஃபார்ச்சூனரில் அது 2,745 மி.மீ.தான்.

அந்த 105 மி.மீ.யைக் கூட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். சக்கரங்களுக்கு இடையே தூரம் கூடக்கூட, மேட்டின் உச்சியைக் கடக்கும்போது வண்டியின் வயிறு தட்டும். வளைவில் திரும்ப அதிக இடம் தேவைப்படும். சரி, சக்கரத்தை அங்கேயே விட்டுவிட்டு உடலைப் பின்னுக்கு நீட்டினால்? பள்ளத்திலிருந்து ஏறும்போது பின் பம்பர் தரையில் உரசும். ஃபார்ச்சூனர் முன்புறம் உரசாமல் ஏறக்கூடிய கோணம் 30 டிகிரிக்கு அருகில். பின்புறமோ சுமார் 25 டிகிரிதான். அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு பின் அச்சுக்கு அப்பால் நீளும் உடலுடையது. மூன்றாவது வரிசைக்கும் சாமானுக்கும் இடம் வேறெங்கும் கிடைக்கவில்லை.

குலுக்கலுக்கும் கணக்கு உண்டு. பின்சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது, அச்சுக்கு மேலே இருப்பவர் கிட்டத்தட்ட முழு எழுச்சியையும் அனுபவிக்கிறார். இரு அச்சுகளுக்கும் நடுவில் இருப்பவருக்கு அதில் சுமார் பாதிதான். மலைப்பாதையில் கடைசி வரிசைக் குழந்தை முதலில் வாந்தி எடுப்பதில் இதற்கும் பங்குண்டு. போதாததற்கு, முழு அச்சின் எடை வில்களுக்குக் கீழே இருக்கிறது. கனமான அந்தப் பாகம் சிறு பள்ளத்திலும் துள்ளும். துள்ளலை அடக்குவது வில்லுக்கும் ஷாக் அப்சார்பருக்கும் கடினம்.

வில்களின் விறைப்பு இன்னொரு விஷயம். ஏழு பேரும் சாமானும் சேர்ந்தால் அரை டன் எளிதாகத் தாண்டும். அந்தச் சுமைக்குத் தாங்கும்படி வில்லை அமைத்தால், இருவர் மட்டும் போகும்போது அது விறைப்பாக இருக்கும். ஷோரூம் சோதனை ஓட்டத்தில் பெரும்பாலும் ஓட்டுநர், விற்பனையாளர் என இருவர்தான் இருப்பார்கள். வண்டியின் குணம் மிக மோசமாகத் தெரியும் நிலை அது. அதே நேரம், கடைசி வரிசையின் குறை தெரியாமல் மறைந்துவிடும் நிலையும் அதுதான்.

நான்கு சக்கர இழுவை: என்ன தருகிறது, என்ன தராது

ஃபார்ச்சூனரின் 2.8 லிட்டர் டீசல் என்ஜின், ஆட்டோமேட்டிக் வகையில் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. அதைவிட முக்கியம், நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே அது முழுதாகக் கிடைத்துவிடுகிறது. சேற்றில் ஆக்சிலரேட்டரை மிதித்து அலற விடத் தேவையில்லை. 4×4 வகையில் ‘லோ’ கியருக்கு மாற்றினால் முறுக்குவிசை மேலும் சுமார் 2.5 மடங்காகிறது, வேகம் அதே அளவில் குறைகிறது. இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் என்ஜினின் பிடியிலேயே ஊர்ந்து இறங்கலாம்.

ஆனால் இந்த அமைப்பு எப்போதும் இயங்குவதல்ல. தேவைப்படும்போது ஓட்டுநர் போடுவது. வளைவில் முன் அச்சு பெரிய வட்டத்திலும் பின் அச்சு சிறிய வட்டத்திலும் ஓடுகின்றன. இரண்டையும் இறுக்கிப் பிணைத்துவிட்டால் அந்த வித்தியாசம் எங்காவது வழுக்கித் தீர வேண்டும். மணலும் சேறும் வழுக்க இடம் கொடுக்கும். காய்ந்த தார் கொடுக்காது; கியர்களில் இறுக்கம் ஏறி, டயரும் உள்பாகங்களும் தேயும். ஆகவே நல்ல சாலையில் இது பின்சக்கர இழுவை வண்டிதான். ‘நாலு சக்கரமும் இழுக்கும், மழையில் பயமில்லை’ என்று நெடுஞ்சாலையில் நம்பி ஓட்டுவது தவறு. நான்கு சக்கர இழுவை கிளம்புவதற்கு உதவும். நிற்பதற்கு உதவுவது டயரும் பிரேக்கும்தான். அதில் இரண்டு சக்கர இழுவைக் காருக்கும் இதற்கும் வேறுபாடில்லை.

சென்னைக்கு அருகே மறைமலை நகரில் 2021 வரை தயாரான ஃபோர்டு எண்டெவர் வேறு வழியைத் தேர்ந்தது. அதன் 4×4 வகையில் முன் – பின் பங்கீட்டை மின்னணுக் கருவி எப்போதும் கவனித்துக்கொண்டிருந்தது. மழைச் சாலைக்கு அது மேல்; எளிமையும் பழுதுபார்க்கும் சுலபமும் ஃபார்ச்சூனர் வழிக்கு மேல்.

செலவில்லாத ஓர் உத்தி இரண்டுக்கும் பொது. ஒரு சக்கரத்தின் மேல் 525 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். டயரில் 30 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அந்தச் சுமையைத் தாங்க ஏறத்தாழ 250 சதுர செ.மீ. பரப்பு தரையில் பதிய வேண்டும். காற்றை 15 ஆகக் குறைத்தால் பதியும் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். டயரின் பக்கச்சுவர் விறைப்பால் கணக்கு சற்று மாறும், திசை மாறாது. கடற்கரை மணலில் புதைந்த கனமான வண்டியை மீட்பது பல நேரம் இந்த எளிய இயற்பியல்தான். தார்ச்சாலை ஏறியதும் காற்றைத் திரும்ப நிரப்பாவிட்டால், அதே டயர் சூடேறி வெடிக்கக்கூடும்.

வெள்ளத்தில் எடை கைவிடும்

இந்த வண்டிகளைப் பற்றிய பெரிய மயக்கம் தண்ணீர். ஃபார்ச்சூனர் 700 மி.மீ. ஆழம் வரை கடக்கும் என்று டொயோட்டா ஆஸ்திரேலியாவில் குறிப்பிடுகிறது. அந்த எண் தேங்கிய நீரில், மெதுவாகப் போவதற்கு. ஓடும் நீரின் கணக்கு வேறு. வண்டியின் அடிப்பரப்பு, சக்கர இடங்கள் நீங்கலாக, சுமார் 7 சதுர மீட்டர். தரைத்தளத்துக்கு மேல் நீர் 10 செ.மீ. ஏறினால் 700 லிட்டர் நீர் விலகுகிறது. அதாவது 700 கிலோ மேல்நோக்கிய தூக்குவிசை. 30 செ.மீ. ஏறினால் 2,100 கிலோ. வண்டியின் எடையே அவ்வளவுதான். உள்ளே நீர் கசிவதால் உடனே மிதக்காமல் இருக்கலாம். ஆனால் டயரின் பிடி அதற்கு வெகுமுன்பே போய்விடும். ஓடும் நீர் 2 அடி இருந்தாலே பெரும்பாலான வண்டிகளை, எஸ்.யூ.வி.க்களையும் சேர்த்து, அடித்துச் செல்லும் என்று அமெரிக்க வானிலைத் துறை எச்சரிக்கிறது.

என்ஜினுக்குள் நீர் போனால் இன்னொரு ஆபத்து. காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க முடியாது. மேலே வரும் பிஸ்டன் நீரில் மோதினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சென்னை வெள்ளத்தில் நின்றுபோன வண்டியை ‘ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்புபவர்கள், துடைத்துக் காயவைத்தால் தீர்ந்திருக்கக்கூடிய பழுதை என்ஜின் மாற்றும் செலவாக்கிக்கொள்கிறார்கள்.

உயரமும் எடையும்

இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, வண்டியின் ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். கவிழாமல் நிற்கும் திறனுக்கு அது முதல் அளவுகோல். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கில் சாதாரண கார்களுக்கு இது 1.30 முதல் 1.50 வரை, உயரமான எஸ்.யூ.வி.க்களுக்கு 1.00 முதல் 1.30 வரை. மின்னணுக் கட்டுப்பாடு பெருமளவு காப்பாற்றும். ஆனால் பக்கவாட்டில் வழுக்கும் சக்கரம் மண் விளிம்பிலோ தடுப்புக் கல்லிலோ மாட்டினால், இந்த எண்தான் முடிவு செய்யும். கூரைமேல் சாமான் கட்டும்போது ஈர்ப்பு மையம் இன்னும் உயர்கிறது. மூன்றாவது வரிசையில் ஆள் இருந்தால் பின்னால் சாமானுக்கு இடம் மிகக் குறைவு. ஆகவே ஏழு பேர் போகும் நாளில்தான் கூரைமேல் பெட்டி ஏறுகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இறக்கத்தில் எடை வெப்பமாகிறது. ஆட்களோடு 2.6 டன் உள்ள வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 25 மெகாஜூல். 80 லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இதை முழுக்க பிரேக்கில் ஏற்றினால், பாதி வழியில் பிரேக் சூடேறிப் பிடி தளரும். கீழ் கியரில் இறங்கி, பெரும்பங்கை என்ஜினிடம் ஒப்படைப்பதுதான் வழி.

யாருக்கு இது சரி?

அடிக்கடி காட்டுப்பாதை, எஸ்டேட், ஆற்றங்கரை, பனிமலை என்று போகிறவருக்கு, ஐந்து பேரும் நிறையச் சாமானும் ஏற்றிக்கொண்டு போக, இந்த வகை வண்டிக்கு ஈடு குறைவு. அவருக்கு மூன்றாவது வரிசை ஒரு கூடுதல் வசதி. குறுந்தூரத்துக்கும் குழந்தைகளுக்கும் போதும். அந்த இருக்கைகளை மடித்து இரு பக்கமும் தூக்கிக் கட்டும் ஃபார்ச்சூனரின் முறையில் சாமான் அகலம் குறைகிறது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். தினமும் ஏழு பேர் தார்ச்சாலையில் போகும் குடும்பத்துக்கு மோனோகாக் வண்டிதான் பொருத்தம். பெட்ரோல் ஹைபிரிட் ஹைகிராஸுக்குச் சான்றளிக்கப்பட்ட லிட்டருக்கு 23.24 கி.மீ. நிஜச் சாலையில் குறையலாம். ஆனாலும் 2 டன் டீசல் வண்டி அதன் அருகே வராது.

மிகவும் யோசிக்க வேண்டியவர் 4×2 ஃபார்ச்சூனர் வாங்குபவர். சேஸிஸின் எடை, உயரம், கடைசி வரிசையின் நெருக்கடி எல்லாவற்றுக்கும் அவர் விலை கொடுக்கிறார். அவை எதற்காகப் பொறுத்துக்கொள்ளப்படுகின்றனவோ அந்த நான்கு சக்கர இழுவையையும் லோ கியரையும் மட்டும் விட்டுவிடுகிறார். மிஞ்சுவது உழைப்பும், மறுவிற்பனை மதிப்பும், சாலையில் கிடைக்கும் மரியாதையும். அவையும் ஒருவருக்குத் தேவையாக இருக்கலாம். அதைத் தேவை என்று தெரிந்தே வாங்கட்டும்.

சோதனை ஓட்டத்துக்கு ஏழு பேராகப் போங்கள். வாங்கப்போகிறவர் கடைசி வரிசையில் உட்காரட்டும். ஓட்டுவதற்கு வீட்டில் வேறு யாராவது இருப்பார்கள்.