கத்தியால் வெட்டிய மூளை!

உங்கள் கையிலிருக்கும் செல்போனுக்குள் கோடானுகோடி டிரான்ஸிஸ்டர்கள் இருக்கின்றன. அதன் மூதாதையை மனிதர்கள் மேஜைமேல் தாளை விரித்து, கத்தியால் வெட்டித் தயாரித்தார்கள் என்றால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும். ஜப்பானில் கணக்கு யந்திரம் செய்யும் பிஸிகாம் கம்பெனி, காலிபோர்னியாவிலுள்ள இன்டெல் கம்பெனியிடம் சில 'சிப்'புகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. 1970 ஏப்ரலில் அந்தப் பொறுப்பு ஃபெடெரிகோ ஃபாஜின் என்ற இத்தாலிய இளைஞரின் தலையில் விழுந்தது. அவர் வேலையில் சேர்ந்த சில நாட்களுக்குள் ஜப்பானிலிருந்து ஷிமா என்ற எஞ்சினீயர் வந்து இறங்கிவிட்டார். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்தவருக்கு, அது ஆரம்பமே ஆகவில்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அவருக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டாம்! ஆனாலும் மனிதர் நல்லவர். கோபம் தணிந்ததும் கூடவே உட்கார்ந்து மாதக்கணக்கில் உழைத்தார்.

அந்தச் சிப்புகளில் முக்கியமானது 4004. அதில் 2,300 டிரான்ஸிஸ்டர்கள். அவற்றின் படத்தைப் பல நூறு மடங்கு பெரிதாக ரூபிலித் என்ற தாளில் வெட்ட வேண்டும். தெளிந்த பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிய சிவப்புத் தோல் ஒட்டிய தாள் அது. அடியிலுள்ள பிளாஸ்டிக்கில் படாமல் சிவப்பை மட்டும் கீறி, வேண்டாத இடத்தில் உரித்தெடுக்க வேண்டும். சிப்பின் ஒவ்வோர் அடுக்குக்கும் தனித் தாள். உரிக்க வேண்டிய ஒரு துண்டை மறந்தாலும் போச்சு, சிப் வேலை செய்யாது! அதனால் கோடு கோடாகக் கண்ணாலேயே சரிபார்த்தார்கள். பிறகு அதைப் போட்டோ எடுத்துச் சுருக்கி, அந்த உருவத்தை ஒளியால் ஸிலிக்கன் வட்டில் பதித்தார்கள். அதில் மிகச் சிறிய கோட்டின் அகலம் 10 மைக்ரான். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு.

1970 டிசம்பர் கடைசியில், குட்டி அப்பளம் போன்ற 2 அங்குல வட்டுகள் வந்தன. ஃபாஜின் ஊசிகளை வைத்துச் சோதித்தார். முதல் சிப்பில் உயிர் இல்லை. அடுத்ததிலும் இல்லை. ஒன்றிலுமே இல்லை! எத்தனை மாத உழைப்பு! மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தயாரிப்பில் ஓர் அடுக்கையே போட மறந்திருந்தார்கள்!

1971 ஜனவரியில் புது வட்டுகள் வந்தன. இரவெல்லாம் தனியே சோதித்துவிட்டு, விடியும் முன் வீடு திரும்பினார் ஃபாஜின். மனைவி எல்வியா தூங்காமல் காத்திருந்தாள். "வேலை செய்கிறது!" என்றார்.

அந்தச் சிப்பின் ஓரத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் 'எஃப்.எஃப்.' என்று இரண்டு எழுத்துக்கள் தெரியும். அவை யாருடைய இனிஷியல் என்று நான் சொல்லவும் வேண்டுமா?