பங்குனிப் பூக்கள்: எதை விடுவது, எதைப் பிடுங்குவது?

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குச் செல்லும் சாலையில் பங்குனி மாதக் காலைப்பொழுதில் நடப்பவர்களுக்குக் கண்ணுக்கு விருந்துதான். இலையுதிர்ந்த புரசு செந்நிறமாகப் பூத்திருக்கும். சித்திரை நெருங்கச் சரக்கொன்றை மஞ்சள் சரங்களைத் தொங்கவிடும். உழவர் பெருமக்கள் இந்த மரங்களோடு நின்றுவிடாமல், வரப்போரச் சிறுபூக்களையும் குனிந்து பார்க்க வேண்டும்.

வெள்ளையாகப் பூப்பவை எல்லாம் ஒன்றல்ல. தும்பையைத் தேனீக்கள் நாடி வருவதால் வரப்பில் விட்டுவைக்கலாம். வெட்டுக்காயப் பூண்டு தரையோடு படர்ந்து, நீண்ட காம்பின் நுனியில் மஞ்சள் நடுவுள்ள ஒற்றைப் பூவைத் தாங்கி நிற்கும்; அதனாலும் பெருந்தீங்கு இல்லை. பார்த்தீனியம்தான் கவனிக்க வேண்டியது. இடுப்பளவு நிமிர்ந்து வளரும். இலை கேரட் இலையைப் போலப் பிளவுபட்டிருக்கும். நுனியில் மிளகளவு வெண்பூக்கள் கொத்துக் கொத்தாக இருக்கும்.

1950-களில் புனே பகுதியில் காணப்பட்ட இக்களை இன்று நாடெங்கும் பரவிவிட்டது. தொட்டால் சிலருக்குத் தோல் அரிப்பும், மகரந்தத்தால் மூச்சிரைப்பும் உண்டாகும். மாடு தின்றால் பால் கசக்கும். கோடை மழைக்கு முளைத்த செடி ஒன்றரை மாதத்திற்குள் பூத்து, ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். ஆகவே பூக்கும் முன்பே, ஈரமண்ணில், கையுறையோ பாலிதீன் பையோ அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். பூக்காத செடியை மக்க வைத்து உரமாக்கலாம். பூத்ததை எருக்குழியில் போடாதீர்கள்.

இதன் இலையைத் தின்னும் மெக்சிகன் வண்டு 1984-இல் பெங்களூரில் விடப்பட்டது. மழைக்காலத்தில் நன்கு வேலை செய்யும் இவ்வண்டு, வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் உறங்கிவிடும். கோடையில் அதை நம்பிப் பயனில்லை.

பயிரில்லாத சாலையோரங்களில் ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் சமையல் உப்பும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, செடி நனையத் தெளிக்கலாம். வயலில் இதைச் செய்யவே கூடாது, மண் கெடும்.

பிடுங்கிய இடத்தை வெறுமையாக விட்டால் மீண்டும் அதே களைதான் வரும். மஞ்சள் பூப் பூக்கும் துத்தியும் தகரையும் அடர்ந்து வளர்ந்து பார்த்தீனியத்தை நெருக்கிவிடும். தரிசில் இவற்றின் விதையை மழைக்கு முன் தூவலாம். பருத்தி வயலருகே மட்டும் துத்தி வேண்டாம். பருத்தியைத் தாக்கும் காய்ப்புழுவுக்கும் மாவுப்பூச்சிக்கும் அது புகலிடம்.