அவசர உணவும் அவசியமான ஒரு கேள்வியும்



அந்தி மயங்கும் வேளையில் கடைத்தெருப் பக்கம் நடந்தால், தெருமுனை தோறும் ஒரு காட்சியை நீங்கள் காண்பீர்கள். நெடிய கம்பியில் அடுக்கடுக்காகச் செருகப்பட்ட கோழி இறைச்சி, நெருப்பின் முன் மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். ஓர் இளைஞர் நீண்ட கத்தியால் அதைச் சீவி, ரொட்டியில் இட்டு, வெண்ணிற மயோனைஸைத் தடவிச் சுருட்டி, இரண்டே நிமிடத்தில் உங்கள் கையில் தந்துவிடுவார். ஷவர்மா என்ற இந்தப் பெயர், சுழற்றுதல் என்று பொருள்படும் துருக்கிச் சொல்லிலிருந்து பிறந்தது. வளைகுடா நாடுகளுக்குப் பொருள் தேடிச் சென்ற நம்மவர்கள் அங்கே சுவைத்துப் பழகிய உணவு, இன்று நம் பிள்ளைகளின் விருப்ப உணவாகிவிட்டது.

விரைவு உணவகங்களின் பக்கமே போகாதீர்கள் என்று சொல்ல நான் பேனாவை எடுக்கவில்லை. பிள்ளைகளுடன் வெளியே சென்று ஒருவேளை உண்டு மகிழ்வதில் தவறேதும் இல்லை. ஆனால், அங்கே நாம் கேட்கத் தயங்குகின்ற ஒரு கேள்வி உண்டு. அதைக் கேட்காததற்கு என் குடும்பம் கொடுத்த விலையைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் வாய்மூடி இருந்த மாலை

சில மாதங்களுக்கு முன் ஒரு விடுமுறை நாளில், மஃரிபுக்குப் பின் மனைவியையும் ஒன்பது வயது மகளையும் அழைத்துக்கொண்டு அத்தகைய கடை ஒன்றுக்குச் சென்றேன். கூட்டம் அலைமோதியது. நெடுநேரம் நின்று வாங்கி வந்த ஷவர்மாவை மகள் இரண்டு கடி கடித்தாள். "வாப்பா, உள்ளே கறி சில்லென்று இருக்கிறதே!" என்றாள்.

தொட்டுப் பார்த்தேன். உண்மைதான். எழுந்து சென்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் கல்லாவில் இருந்தவர் யாரிடமோ கடுகடுத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் அறிந்த முகங்கள். ஐம்பது, நூறு ரூபாய்ப் பொருளுக்காகச் சண்டையிடுகிறார் என்று நாலுபேர் நினைப்பார்களே என்ற கூச்சம் என்னைத் தடுத்தது. "பசிக்கிறது என்றாயே, சாப்பிடும்மா" என்று சொன்னேன். அந்தச் சொல்லை எண்ணி இன்றும் நான் வருந்துகிறேன்.

நள்ளிரவில் வாந்தி தொடங்கியது. விடிவதற்குள் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் சேர்ந்துகொண்டன. மூன்று நாட்கள் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றப்பட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஆனால், எல்லாப் பெற்றோருக்கும் இப்படிச் சொல்லும் பேறு கிட்டவில்லை.

2022ஆம் ஆண்டு மே மாதம், கேரளாவின் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா உண்ட பள்ளி மாணவி ஒருத்தி உயிரிழந்தாள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 2023 செப்டம்பரில் நம் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி அவ்வாறே மாண்டாள். செல்வம் கொழிக்கும் நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், 'ஜாக் இன் த பாக்ஸ்' என்னும் உணவகத் தொடரில் சரியாக வேகாத மாட்டிறைச்சி பர்கரை உண்டு எழுநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் மடிந்தனர்.

விரைவு எங்கிருந்து வருகிறது?

சற்று எண்ணிப் பாருங்கள். நம் வீட்டு அடுக்களையில் ஒரு மணி நேரம் எடுக்கும் கோழிக்கறி, கடையில் இரண்டு நிமிடத்தில் எப்படிக் கிடைக்கிறது? அங்கே நெருப்புக்கு மட்டும் வேகம் அதிகமா? இல்லை. நீங்கள் வருவதற்கு முன்பே வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. 1948இல் கலிபோர்னியாவில் மெக்டொனால்டு சகோதரர்கள் தங்கள் சமையலறையைத் தொழிற்சாலை போல் மாற்றியமைத்ததன் இரகசியமும் இதுவே. ஆகவே விரைவு உணவின் நலம், அந்த இரண்டு நிமிடங்களில் இல்லை. அதற்கு முந்தைய பல மணி நேரங்களில் இருக்கிறது.

அந்த மணி நேரங்களில் காவலாக நிற்க வேண்டியது வெப்பம். கோழி இறைச்சியின் உட்பகுதி 75 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் நோய்க்கிருமிகள் மடியும். சமைத்த உணவைச் சூடாக வைப்பதானால் 60 டிகிரிக்கு மேலும், குளிரில் வைப்பதானால் 5 டிகிரிக்குக் கீழும் வைக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள், ஏற்ற சூழல் அமைந்தால், இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இரண்டு மணி நேரத்தில் ஒன்று அறுபத்து நான்காகிவிடும்! சில கிருமிகள் கக்கும் நஞ்சோ, பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அழிவதில்லை.

ஷவர்மா கம்பியில் நெருப்பு படுவது வெளிப்புறத்தில் மட்டுமே. கூட்டம் மிகுந்தால், உள்ளடுக்கு வேகுமுன்னரே கத்தி அதைச் சீவிவிடுகிறது. கூட்டம் குறைந்தால், எரிவாயுவை மிச்சப்படுத்த நெருப்பைத் தணித்துவிடுகிறார்கள். இரண்டுமே தீங்கு. சீவிய துண்டுகளைத் தோசைக்கல்லில் மறுபடி நன்றாக வதக்கித் தருவதே பாதுகாப்பு.

பச்சை முட்டையில் அடித்த மயோனைஸின் கதையும் இதுவே. அது அடுப்பையே காண்பதில்லை. அதனால்தான் கேரள அரசு 2023 ஜனவரியில் அதற்குத் தடை விதித்தது. தமிழ்நாடு அரசும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது.

அந்த இளைஞர் சொன்னது

பத்து நாட்கள் கழித்து, ஆத்திரத்தோடு அக்கடைக்குச் சென்றேன். உரிமையாளர் இல்லை. கத்தியோடு நின்ற வடமாநில இளைஞரிடம் குரலை உயர்த்தினேன். அவர் தலைகுனிந்து, அரைகுறைத் தமிழில் சொன்னார்: "பாய், மதியம் போட்ட கறி. நெருப்பைக் குறை என்று முதலாளி சொன்னால் நான் குறைக்க வேண்டும். நின்றுகொண்டே பன்னிரண்டு மணி நேர வேலை. என்னைத் திட்டி என்ன பயன்?"

நான் வெட்கினேன். கேட்க வேண்டிய நாளில் கேட்கவேண்டியவரிடம் கேட்காமல், வாய் திறக்க முடியாத ஓர் எளியவர் மீது என் கோபத்தைக் கொட்டிவிட்டேன். அதிகாரிகளிடம் முறையிடலாம் என்றால், ரசீதைக் குப்பையில் எறிந்திருந்தேன். கையில் ஆதாரம் ஏதுமில்லை. அந்த மாலையில் எனக்குப் பின்னால் வரிசையில் எத்தனை பிள்ளைகள் நின்றார்கள்! நான் அன்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அவர்களில் சிலராவது அதை உண்ணாமல் இருந்திருப்பார்கள் அல்லவா?

நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலில், கடைக்குள் நுழைந்ததும் உணவுப் பாதுகாப்பு உரிமம் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் 14 இலக்க எண் ரசீதிலும் இருக்க வேண்டும். ரசீதைத் தயங்காமல் கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று நாட்களாவது பத்திரமாக வைத்திருங்கள்.

உணவு வந்ததும் குழந்தையிடம் கொடுக்குமுன் பிரித்துப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தாலோ, சூடின்றி இருந்தாலோ, புளித்த வாடை வீசினாலோ, பொறுப்பாளரை அழைத்து அமைதியாகச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் அதற்கு நன்றி சொல்வார். முகம் சுளிப்பவரின் கடைக்கு மறுபடி செல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

ரசீதில் சேவைக் கட்டணம் என்று தனியே சேர்த்திருந்தால், கேட்டு நீக்கச் சொல்லுங்கள். அதனைத் தாமாகவே சேர்த்து வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அன்போடு பரிமாறிய ஊழியருக்கு மனமுவந்து கொடுப்பது வேறு. அது உங்கள் விருப்பம்.

உண்டபின் உடல் நலம் கெட்டால், உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். எங்கே, எப்போது, என்ன உண்டீர்கள் என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டில் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் படத்துடன் புகார் அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இழப்பீடு கோர வேண்டுமானால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். பெற்ற பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த விலை ஐந்து இலட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது.

வாசகர்களே! விருந்தினர் இல்லத்தில் உணவைக் குறை சொல்லாதிருப்பது பண்பு. அந்தப் பண்பையே நாம் கடையிலும் கடைப்பிடித்து ஏமாந்துவிடுகிறோம். பணம் கொடுத்து வாங்கும் இடத்தில் பணிவோடு கேட்பது சண்டையாகாது. அது நமக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைக்குச் செய்யும் உதவி.

அடுத்த முறை உங்கள் பிள்ளை "சில்லென்று இருக்கிறதே" என்று சொன்னால், "சாப்பிடும்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எழுந்து சென்று கேளுங்கள்.